எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: ஊசி போடும் முன்னும் பின்னும்

புராஸ்டேட் புற்றுநோய் பரவிய எலும்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். அதை வலு என்று நம்பிவிடாதீர்கள். புற்றுச் செல்கள் தூண்டுவதால் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் தாறுமாறாகக் கட்டுகின்றன. நார்கள் ஒழுங்கில்லாமல் பின்னிக்கிடப்பதால் அந்த எலும்பு சுலபமாக முறியும். இன்னொரு பக்கம், இந்த ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் சுரக்கும் ராங்க்-லிகாண்ட் என்ற புரதம், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உசுப்பிவிடுகிறது. அரிபடும் எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுக்கே தீனியாகின்றன.

இந்த அரிப்பைத் தடுக்கத்தான் ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகள். ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாத நிலையில், எலும்பு முறிவைக் குறைக்க இவற்றைத் தருவார்கள். புற்றுநோயை இவை அழிக்காது. அதற்கான சிகிச்சை தனியாகத் தொடர வேண்டும்.

முதல் ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பின்னால் அதிகம் அவதிப்படுகிறார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டுமானால் இப்போதே பிடுங்கி, புண் முழுவதும் ஆறிய பிறகு ஊசியைத் தொடங்க வேண்டும். ஊசி ஆரம்பித்த பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். ஜோலெட்ரானிக் அமிலம் 4 மி.கி., டிரிப்ஸில் குறைந்தது 15 நிமிடம் ஏற வேண்டும். வேகமாக ஏற்றினால் சிறுநீரகம் கெடும். கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், நிமிடத்துக்கு 30 மி.லி.-க்குக் கீழே இருந்தால் இது வேண்டாம். டெனோசுமாப் 120 மி.கி., தோலுக்கடியில், 4 வாரத்துக்கு ஒருமுறை. எலும்புத் தேய்மானத்துக்கு இதே மருந்தை 60 மி.கி., 6 மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள். சீட்டில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள்.

புது எலும்பு ஏற்கெனவே கால்சியத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அரிப்பையும் நிறுத்தினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கலாம். அதனால் தினமும் குறைந்தது 500 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் டாக்டர் சொல்கிறபடி சாப்பிட வேண்டும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் இழுப்பு வந்தால் அன்றே ரத்தம் பாருங்கள். ஜோலெட்ரானிக் போட்ட ஓரிரு நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது சகஜம்.

இத்தனைக்கும் மேலே ஒன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். படுத்தால் கூடும் முதுகுவலி, காலில் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமலோ வராமலோ போவது: இவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளம். மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடை நிற்பதற்கு முன் சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் வேறோர் இடத்தில் உள்ள அழுத்தம் தப்பிவிடும்.