எண்ணெய், எரிவாயுப் பங்குகள்: டிவிடெண்டை மறுபடி பங்காக்குவது எப்படி?

அமெரிக்காவில் எக்ஸான்மொபில் பங்கு வைத்திருப்பவர், நிறுவனம் லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டைக் கையில் வாங்காமல் அதே பங்காக மாற்றிக்கொள்ளும் திட்டத்தில் சேரலாம். ஒரு முழுப் பங்குக்குப் பணம் போதாவிட்டால் கால் பங்குகூடக் கணக்கில் ஏறும். இங்கே ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், பி.பி.சி.எல்., கெயில் எதற்கும் அந்த வசதி இல்லை. பணம் வங்கிக்குத்தான் வரும். பங்காக்குவது நம் பொறுப்பு.

வந்த பணம் வீட்டுச் செலவோடு கரைவதுதான் முதல் ஆபத்து. டிவிடெண்டுக்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதை டீமேட்டில் (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) முதன்மைக் கணக்காகப் பதிவு செய்யுங்கள். பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டு டீமேட்டில் மாற்றாமல் விட்டால் பணம் வந்து சேராது. தொடர்ந்து 7 ஆண்டுகள் வாங்காமல் கிடந்தால் டிவிடெண்டோடு அந்தப் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், அலைச்சல் அதிகம்.

அறிவிப்பில் சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சந்தை விலையின் மீதல்ல, முகமதிப்பின் (பங்குக்கு நிறுவனம் குறித்த அடிப்படை மதிப்பு) மீதான சதவீதம். 120% என்றால் 5 ரூபாய் முகமதிப்புள்ள ஓ.என்.ஜி.சி.யில் 6 ரூபாய், 10 ரூபாய் முகமதிப்புள்ள இந்தியன் ஆயிலில் 12 ரூபாய். டிவிடெண்ட் யாருக்கு என்று நிறுவனம் பட்டியல் எடுக்கும் ரெக்கார்ட் தேதிக்கு ஒரு வர்த்தக நாள் முன்பாவது வாங்கியிருந்தால்தான் உங்களுக்கு உண்டு. ஆனால் டிவிடெண்டுக்காகவே கடைசி நாளில் ஓடிப்போய் வாங்குவது வீண். மறுநாள் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். வரி மட்டும் உங்கள் தலையில் மிஞ்சும்.

கணக்கு இப்படி. 500 பங்கு, பங்குக்கு 6 ரூபாய்: வரவு 3,000. விலை 240 என்றால் 12 பங்கு 2,880. மீதி 120 அடுத்த டிவிடெண்டோடு சேரட்டும். வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.1%, முத்திரைக் கட்டணம் 0.015%, இவை சில்லறைதான். வலிப்பது புரோக்கரின் குறைந்தபட்சக் கட்டணம். ஆர்டருக்கு 20 ரூபாய் என்றால் 600 ரூபாய் வாங்குதலில் 3.3% அங்கேயே போய்விடும். அப்படிப்பட்ட கணக்கில் தொகை 5,000 ரூபாய் சேரும்வரை பொறுத்து வாங்குங்கள்.

ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் 20%. அதோடு வரி முடிந்ததாக நினைத்து முழுவதையும் பங்காக்கிவிட்டுப் பின்னால் திண்டாடுபவர்கள் உண்டு. 30% வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2%, ஆக இன்னும் 21.2% கட்ட வேண்டும். அதை எடுத்து வைத்த பிறகே வாங்குங்கள்.

எதை வாங்குவது என்பதில்தான் நிதானம் வேண்டும். கச்சா எண்ணெய் விலை ஏறினால் தோண்டி எடுக்கும் ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியாவுக்கு லாபம். பங்க்கில் விலையை ஏற்ற முடியாதபோது விற்கும் நிறுவனங்களுக்கு அதுவே அடி. 2022-23-இல் எச்.பி.சி.எல். நட்டத்தில் முடிந்து, அந்த ஆண்டுக்கு டிவிடெண்டே தரவில்லை. எடுப்பவர்களுக்கும் தலைவலி இல்லாமல் இல்லை: 2022 ஜூலையில் வந்த கூடுதல் லாப வரி 2024 டிசம்பரில்தான் நீங்கியது. லாபத்தில் 30% அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 4%, இதில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசு விதி இருக்கிறது. அதை நம்பி வீட்டு பட்ஜெட் போட முடியாது. தந்த நிறுவனத்திலேயே திரும்பப் போடாமல், எடுப்பவர், விற்பவர் இரண்டில் உங்களிடம் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறதோ அங்கே போடுவதே எங்கள் பரிந்துரை.

ஒவ்வொரு வாங்குதலையும் தேதி, எண்ணிக்கை, விலையோடு ஒரு தாளில் ஏற்றுங்கள். விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் போனதாகவே கணக்கு. 12 மாதம் தாண்டாத பங்கின் லாபத்துக்கு 20%. தாண்டியதற்கு ஆண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேல் 12.5%. 2024-இல் பி.பி.சி.எல். கொடுத்தது போன்ற போனஸ் பங்கை, வாங்கிய விலை 0 என்று தனி வரியாக எழுதுங்கள். அதற்கு 12 மாதக் கணக்கு போனஸ் ஒதுக்கிய நாளிலிருந்து தொடங்கும்.