பல் முளைக்கும் பிள்ளையைச் சமாளிப்பது எப்படி? முதல் பிள்ளைக்காரர்களுக்குப் படிப்படியாக

சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் இந்த வருஷம் நாலு வீட்டில் கைப்பிள்ளை. நாலு பேரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “எக்கா, பல்லு எப்பத்தான் வந்து முடியும்? பிள்ளை ராத்திரி தூங்கவே மாட்டேங்கான்.” வாசலில் நின்று அவர்களுக்குப் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளை வளர்க்கிறவள். மூத்தவளிடம் ஒரு பெரிய தப்புச் செய்தேன். அதையும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் இன்னும் பல வீடுகளில் அதே தப்பு நடக்கிறது.

1. முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பால்பல் மொத்தம் 20. முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வரும். நாலாம் மாதத்திலேயே எட்டிப் பார்க்கிற பிள்ளையும் உண்டு, ஒரு வயது வரை பொக்கை வாயாகவே சிரிக்கிற பிள்ளையும் உண்டு. வழக்கமாகக் கீழ் முன்பல் இரண்டும் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும், மேல் முன்பல் இரண்டும் 8 முதல் 12 மாதத்துக்குள். அதற்குப் பக்கத்துப் பற்கள் 16 மாதத்துக்குள் வந்துவிடும். முதல் கடைவாய்ப்பல் 13 முதல் 19 மாதத்துக்குள், கோரைப்பல் 16 முதல் 23 மாதத்துக்குள், கடைசிக் கடைவாய்ப்பல் 23 முதல் 33 மாதத்துக்குள்.

கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அத்தனை நாளும் வலி இல்லை. ஒரு பல் ஈற்றைக் கிழித்து வெளியே வருவதற்கு முன்னால் ஒரு நாலு நாள், வந்த பிறகு ஒரு மூன்று நாள், அவ்வளவுதான் பிள்ளை படுகிற பாடு. பல் வருகிற நாளையும் சேர்த்து எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பல் ஒன்றாக வந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கடைவாய்ப்பல் அகலமானது என்பதால் சில பிள்ளைகள் அதற்குக் கூடுதலாகவே படுத்தும்.

தினசரி காலண்டரில் ஒவ்வொரு பல் வந்த தேதியையும் குறித்து வையுங்கள். “ஆறு மாசமா அழுதுகிட்டே இருக்கான்” என்று நமக்குத் தோன்றும்போது அந்தக் குறிப்பைப் பார்த்தால் நடுவில் நல்ல நாட்களும் இருந்தது தெரியும். எனக்கு அது பெரிய தெம்பு.

இன்னொன்று. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். என் மகனுக்கு மேல்பல்தான் முதலில் வந்தது. வரிசை மாறி வருவது சாதாரணம். அதற்காகத் தம்பியைப் பயமுறுத்த வேண்டாம்.

2. எது பல் செய்கிற வேலை, எது இல்லை என்று பிரியுங்கள்

வாணி (எச்சில்) வடியும், சட்டை நனைந்துகொண்டே இருக்கும். கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும். ஈறு சிவந்து தடித்திருக்கும். சில சமயம் நீலமாக ஒரு சின்னப் புடைப்பு தெரியும், பெரும்பாலும் பல் வெளியே வந்ததும் அது தானாக வற்றிவிடும். சாப்பாட்டை ஒதுக்கும், காதைப் பிடித்து இழுக்கும், தூக்கத்தில் சிணுங்கும். உடம்பு லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம். இதெல்லாம் பல்லால் வருவது.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீராகப் போகிற பேதி, திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவை பல்லால் வருவதில்லை.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். மூத்தவளுக்கு எட்டாம் மாதம் பேதி ஆரம்பித்தது. ஆச்சி சொன்னாள்: “பல்லு முளைக்கையில பேதி ஆகத்தான் செய்யும்ட்டி, பயப்படாத.” ஆச்சி ஏழு பிள்ளை வளர்த்தவள், பாசத்தில் சொன்னாள். எனக்கும் கீழ் ஈற்றில் வெள்ளையாகப் பல் தெரிந்ததால் அதுதான் காரணம் என்று நம்பினேன். இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவள் அழுதாள், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாகக் கிடந்தது. ராத்திரி கட்டிவிட்ட துணி காலையிலும் காய்ந்தபடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியேற்ற நரம்பு கிடைக்காமல் அவள் கையையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பல்லும் பேதியும் ஏன் ஒன்றாக வருகின்றன என்று அங்கே இருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிடைத்த நோய் எதிர்ப்புச் சக்தி ஆறு மாதத்தை ஒட்டிக் குறைகிறது. அதே சமயத்தில்தான் பிள்ளை தவழ்கிறது, தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறது, பால் அல்லாத சாப்பாடும் அப்போதுதான் தொடங்குகிறது. கிருமி உள்ளே போக அத்தனை வழி. பல் அந்த நேரத்தில் கூட வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அதனால் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் எல்லார் நெற்றியும் சுடும். பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை வெளியே போன பிறகும் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகவே தருகிறார்கள். அந்த மாத்திரையை, பேதி நடுவில் நின்றுவிட்டாலும், மொத்தம் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. வண்டி இல்லை என்றால் 108.

3. குளிர்ந்த துணி

என் அனுபவத்தில் இதைப்போல உதவியது வேறு எதுவும் இல்லை. செலவும் இல்லை.

பழைய, நன்றாக மெலிந்த வெள்ளை வேட்டியில் கைக்குட்டை அளவு நாலு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் நூல் பிரியாமல் மடித்துத் தைத்துவிடுங்கள், பிரிந்த நூல் பிள்ளை வாய்க்குள் போகும். துண்டுகளைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப் போடுங்கள். தேவைப்படும்போது ஒரு துண்டின் ஒரு முனையை மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடியுள்ள சில்வர் டப்பாவில் வைத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். நனையாத முனை பிள்ளை கையில் பிடிக்க. ஈர முனையை அது கடித்துச் சப்பட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒருமுறை கடித்ததைத் துவைக்காமல் மறுபடி கொடுக்கக் கூடாது.

பிரீசரில் வைக்க வேண்டாம். உறைந்து கல்லாகிவிட்ட துணியும் வளையமும் ஈற்றைப் புண்ணாக்கும்.

பிரிட்ஜ் இல்லாத வீடா? காருகுறிச்சிப் பானை இருந்தால் போதும். கொதித்து ஆறிய தண்ணீரைத் தனியாக ஒரு சின்ன மண்பானையில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மதியத்துக்குள் சில்லென்று ஆகிவிடும். துணியை அதில் நனைக்கலாம், அல்லது ஒரு சில்வர் ஸ்பூனை அதில் போட்டு எடுத்து, அதன் பின்பக்கத்தை நீங்களே பிடித்தபடி ஈற்றில் ஒற்றலாம். என் அம்மா வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

4. விரலால் ஈறு தேய்த்துவிடுவது

நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பிள்ளையை மடியில் சாய்த்து, ஆள்காட்டி விரலால் தடித்த இடத்தில் மெதுவாக அழுத்தி ஒன்றிரண்டு நிமிஷம் தேய்த்துவிடுங்கள். முதலில் தலையைத் திருப்பும், அப்புறம் தானே விரலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் இதைச் செய்தால் மார்பில் கடிப்பது குறைகிறது.

கடித்தாலும் சத்தம் போடாதீர்கள். பயந்துபோன பிள்ளை பாலே வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையை இன்னும் நெருக்கமாக உங்களோடு சேர்த்து அணையுங்கள், மூச்சு விடத் தானே வாயைத் திறக்கும். அல்லது வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவியுங்கள்.

5. கடிக்க எதைக் கொடுக்கலாம்

ஒரே துண்டாகச் செய்த சிலிகான் அல்லது ரப்பர் கடிப்பான் நல்லது. உள்ளே தண்ணீர் நிரப்பியது ஓட்டையாகலாம். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். பார்க்க ஆசையாக இருந்தாலும் சின்னச் சின்னச் சாமான் தொண்டையில் அடைக்கும், இந்த வயதில் எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

பனங்கிழங்கைக் கையில் கொடுத்து உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் நார் பிரிந்து தொண்டையில் சிக்கும். வேண்டாம். பச்சைக் கேரட்டும் அப்படித்தான், பல் வந்த பிள்ளை ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிடும், மெல்லத் தெரியாது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு உறைப்பில்லாத தயிர்ச்சோறு குழைவாக, ஆறிய கேப்பைக் கூழ், மசித்த ஏத்தன் பழம், தோல் நீக்கி நன்றாக மசித்த நுங்கு எல்லாம் கொடுக்கலாம். நுங்கை முழுசாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போய் அடைக்கும்.

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை. பால் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதைப் பாருங்கள்.

6. இவை வேண்டவே வேண்டாம்

தேன்: ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடும். கருப்பட்டியை ஈற்றில் தடவுவதும், சூப்பானைச் சீனியில் தொட்டுக் கொடுப்பதும் வரப்போகிற பல்லுக்கே கேடு.

வசம்பை உரசிக் கொடுப்பதைப் பற்றி வீட்டில் சண்டை வரும், தெரியும். நான் ஆச்சியிடம் “டாக்டர் இப்போதைக்கு வாய்க்குள்ள எதுவும் கொடுக்காண்டாம்னு சொல்லிருக்காரு ஆச்சி” என்று மட்டும் சொன்னேன். பெரியவர்களைக் குறை சொல்லாமல் டாக்டர் மேல் போட்டுவிடுவது எளிது. கையில் கட்டுகிற வசம்பு வளையமும், கழுத்தில் போடுகிற பாசிமணியும் அறுந்தால் வாய்க்குள் போகும். தொட்டிலில் கிடத்தும்போது கழுத்தில் எதுவுமே இருக்கக் கூடாது.

மெடிக்கலில் ஈறு மரத்துப்போகிற ஜெல் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள். பென்சோகைன் கலந்த ஜெல் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனையே குறைத்துவிடக் கூடும் என்பதால், இரண்டு வயதுக்குள் அதைத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் எச்சரித்தது. லிடோகைன் கலந்த ஜெல்லும் வேண்டாம். எச்சிலோடு உள்ளே போய்விடும், ஈற்றில் நிற்பதும் இல்லை.

7. வலி மருந்து, மிகக் கவனமாக

எல்லாம் செய்தும் பிள்ளை தவித்தால் டாக்டர் பாராசிட்டமால் எழுதுவார். அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு. அதனால் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வழக்கமாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வேளையைத் தாண்டக் கூடாது.

பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 5 மில்லியில் 125 என்று போட்ட சிரப்பில் 1 மில்லிக்கு 25 மில்லிகிராம்தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும், அது கல்லீரலைப் பாதிக்கும். சாப்பாட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள், கூட வருகிற அளவுக் குழாயில் அளங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. “தூங்கட்டும்” என்று தினமும் ராத்திரி கொடுப்பதும் தப்பு.

8. தாடையும் கழுத்தும்

வாணி நின்று நின்று தோல் சிவக்கும். தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, தூங்கும் முன் லேசாகத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசினால் போதும்.

9. முதல் பல் தெரிந்த அன்றைக்கே

மென்மையான சின்னப் பிரஷ், அரிசி மணி அளவு புளோரைடு பேஸ்ட், காலையும் ராத்திரியும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க விடாதீர்கள், முன்பற்கள் அரித்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

என் இளையவனுக்கு இப்போது 22 மாதம். 16 பல் வந்துவிட்டது, கடைசிக் கடைவாய்ப்பல் நாலும் பாக்கி. நேற்றிலிருந்து மறுபடி விரலை உள்ளே விட்டுக் கடிக்கிறான். வேட்டித் துண்டுகளைக் கொதிக்க வைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.