தமிழ் பேசுகிறவருக்கெல்லாம் தமிழ் வினாத்தாள் கொடுக்காதீர்கள்

போன மாதம் ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆளெடுப்பு. உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எச்.ஆருக்குப் புதிதாக வந்த தம்பி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தார். தமிழில் பதில் சொன்னவருக்குத் தமிழ்த் தாள், தெலுங்கில் சொன்னவருக்குத் தெலுங்குத் தாள். ஓடிப்போய் நிறுத்தினேன். பதினாலு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பு அச்சு அசலாக என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

தாளை எண்ணி வைப்பது, நேரத்துக்குத் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆளெடுப்புத் தேர்வில் தெரியாமல் நடக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பேசுகிற மொழி வேறு, படிக்கிற மொழி வேறு

சத்தியவேடு, வரதய்யபாளையம், சூலூர்பேட்டை பக்கம் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் படிப்பது தெலுங்கு மீடியத்தில். சரளமாகத் தமிழ் பேசும் பெண்ணுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுக்குப் போனாலும் இதே நிலைமைதான், அங்கே மலையாளம்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் அன்று சர்க்யூட் போர்டில் பாகம் பொருத்தும் வேலைக்கு ஆள் எடுத்தோம். 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு பெண் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். 'பதில் இல்லை' என்று எழுதித் தாள்கட்டோடு சேர்த்துவிட்டேன். அடுத்த முறை வந்த ஒரு பையன்தான் வாயைத் திறந்து சொன்னான்: "சார், தமிழ் பேசத்தான் வரும். எழுத்து தெலுங்குதான்."

அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்து பழைய கட்டைப் பிரித்தேன். அந்தப் பெண்ணின் தாளில், தேதி எழுத வேண்டிய கோட்டில் தெலுங்கு எழுத்தில் அழகாக அவள் பெயர். 'பெயர்' எது, 'தேதி' எது என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. போன் போட்டேன். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தாள். நான் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் நன்றாகப் படித்தார்கள், ஆனால் சின்னப் பாகத்தை விரலால் பிடித்து நேராக வைக்க வரவில்லை. மூன்று மாதத்துக்குள் மறுபடி ஆளெடுப்பு.

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்த வேலைக்குத் தேவை விரலும் கண்ணும். நான் அளந்தது படிப்பை.

அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1971ல் கிரிக்ஸ் வழக்கில் இதைப் பேசியிருக்கிறது. டியூக் பவர் கம்பெனி, முன்பு கறுப்பினத்தவரை விடாத பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொது அறிவுத்திறன் தேர்வும் வேண்டும் என்றது. அந்த வேலைக்கும் அந்தத் தேர்வுக்கும் சம்பந்தம் இருப்பதாகக் கம்பெனியால் காட்ட முடியவில்லை. தேர்வு அந்த வேலைக்கு அந்த ஆளை அளக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். விண்ணப்பத்தில் 'எந்த மொழி தெரியும்' என்று கேட்பதில்லை. 'பத்தாவது எந்த மீடியத்தில் படித்தீர்கள்' என்று கேட்கிறேன். விதிமுறையை வாயால் சொல்லி, ஒரு முறை செய்து காட்டுகிறேன். பிறகு விரல் லாவகத்தை அளக்கும் பர்டூ பெக்போர்டு: 25 குழி வீதம் இரண்டு வரிசை, 30 விநாடியில் எத்தனை சின்ன ஊசிகளைக் குழியில் செருகுகிறார்கள் என்று எண்ணுவது. 1948லேயே வந்துவிட்ட பலகை. கடைசியாக, உடைசல் போர்டு ஒன்றும் பாகங்களும் கொடுத்துப் பத்து நிமிடம் பொருத்தச் சொல்கிறேன். எழுத்தே வேண்டாம். யார் கை நடுங்குகிறது, யார் தப்பாக வைத்ததைத் தானே கண்டுபிடித்து எடுக்கிறார்கள் என்பது பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். அந்த இரண்டாவது குணம்தான் பிற்பாடு லைன் லீடரை உருவாக்குகிறது.

நிறக்குருடு சோதனையை டியூப்லைட்டில் வைப்பது

வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தவை. ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வயரிங் வேலைக்கு ஆண்களை எடுக்கும்போது இதை விட்டுவிடாதீர்கள். சிவப்பு, பச்சை குழம்புவது ஆண்களிடம்தான் அதிகம்.

குண வகை பார்த்து ஆள் எடுப்பது

ஆட்களைக் குண வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ் பிரிக்ஸ் தேர்வை வெளியிடுகிறவர்களே ஆளெடுப்புக்கு வேண்டாம் என்கிறார்கள்.

ஆளுக்கொரு கேள்வி

நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, மதிப்பெண் அப்போதே. எந்தத் தேர்வு முறை பின்னால் வேலைத்திறனோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று உளவியல் ஆய்வாளர் சாக்கெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2022ல் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். இப்படிக் கட்டுக்கோப்பாக நடத்தும் நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று அரட்டையடித்து எடுத்த ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரே தாளை வருடக்கணக்கில் ஓட்டுவது

மாற்றுங்கள். கேள்வி ஊருக்கே தெரிந்துவிடும்.

முடிவைச் சொல்லாமல் அனுப்புவது

அன்றே சொல்லுங்கள். சத்தியவேட்டிலிருந்து வந்த பெண், 'பார்த்துச் சொல்றோம்' என்ற ஒரு வார்த்தைக்காக அடுத்த வாரமும் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக் கேட் வரைக்கும் வந்து நிற்கிறாள்.