வன்னி றோட்டில் ஓடிய வாகனங்களைச் சின்ன உலோகக் கார்களாய்ச் சேர்ப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பிள்ளைகளுக்கு லம்போகினியும் பெராரியும்தான் வாங்கி வருவார்கள். வன்னியில் எங்கள் பரந்தன் சந்தியில் பகல் முழுக்க நின்றாலும் அப்படி ஒன்று கண்ணில் படாது. ஹையேஸ் வான், பட்டா என்கிற சின்ன லொறி, ரக்டர், இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ், இவைதான் போகும். இவற்றைத்தான் சேர்க்கச் சொல்கிறேன்.

1. பட்டியல் போடுங்கள்
ஒரு கொப்பியில் உங்கள் ஊரில் ஓடிய, ஓடுகிற வாகனங்களை எழுதுங்கள். வீட்டில் வயதானவர்களையும் கேளுங்கள். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் அப்போதுதான் வெளியே வரும். தொடக்கத்துக்கு ஐந்து பெயர் போதும்.

2. அளவைத் தீர்மானியுங்கள்
1:64, அதாவது உண்மை வாகனத்தின் 64 இல் ஒரு பங்கு நீளம், கைக்கும் காசுக்கும் அடக்கம். 3.76 மீற்றர் நீளமான மொறிஸ் மைனர் அதில் ஏறத்தாழ 5.9 சென்ரிமீற்றர், 1:43 இல் 8.7. ஆனால் ரொமிக்கா, பழைய மச்பொக்ஸ் போன்ற கொம்பனிகளின் சின்னக் கார்கள் பெட்டிக்கு அளவாகச் செய்தவை. பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கும். எனக்கு அது பிரச்சினை இல்லை. கண்ணுக்கு உறுத்தினால் ஒரே அளவில் மட்டும் வாங்குங்கள்.

3. தேடுங்கள்
இங்கே கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பிளாஸ்ரிக். கையில் எடுத்தால் பாரமும் குளிர்ச்சியும் தெரிய வேண்டும். காந்தத்தை நம்பாதீர்கள்: உடல் துத்தநாகக் கலவை, அதில் காந்தம் ஒட்டாது.

நல்ல வழி சொந்தக்காரர்தான். ஹையேஸுக்கு ஜப்பானின் ரொமிக்கா. மொறிஸுக்கும் லான்ட்றோவருக்கும் லண்டனில் ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ற்; அது 1:76, கொஞ்சம் சிறிது. "கார் ஒன்று வாங்கி வாங்கோ மாமா" என்று சொன்னால் திரும்பவும் லம்போகினிதான் வரும். படத்தையும் மொடல் பெயரையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு ரக்டர் மட்டும் லேசில் அகப்படாது.

4. அடியைத் திருப்பிப் பாருங்கள்
கதை முழுக்க அடித்தட்டில்தான் இருக்கிறது. "லெஸ்னி, இங்கிலாந்து" என்று இருந்தால் அது பழைய மச்பொக்ஸ். 1958 இல் வந்த 46 ஆம் இலக்க மொறிஸ் மைனர் அந்த வகை. ஹொட் வீல்ஸ் கொம்பனிக் கார்களின் அடியில் உள்ள ஆண்டு அந்த வார்ப்பு வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. கார் செய்த ஆண்டு என்று யாராவது சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

5. கழுவுங்கள்
எங்கள் செம்புழுதி சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் போய் இறுகிவிடும். மெல்லிய பிறஷ், சவர்க்காரத் தண்ணீர், அவ்வளவுதான். தின்னர் பட்டால் பெயின்ற் போய்விடும். அச்சுக்கம்பி இரும்பு, ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். குப்புறக் கவிழ்த்து நிழலில் காய வையுங்கள்.

6. வைக்கும் இடம்
வெயில் படாத கண்ணாடி அலுமாரி. மாரியில் உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். மென்மையான ரயர் உள்ள மொடலைப் பிளாஸ்ரிக் தட்டில் நேரடியாக வைத்தால், வருடக்கணக்கில் ரயர் தட்டை இளக்கி ஒட்டிக்கொள்ளும். அடியில் கடதாசி விரியுங்கள். மிகப் பழைய மொடல்களில் உலோகமே வீங்கி வெடிப்பதுண்டு. வார்ப்பில் ஈயம் கலந்ததால் வரும் கேடு அது, மருந்தில்லை. மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரிந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.