பழைய டிக் மெஷினும் கறுத்துப்போன டங்ஸ்டனும்

வியாசர்பாடியில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து 200 ஆம்பியர் டிக் வெல்டிங் மெஷின் வாங்கினேன். டிக் வெல்டிங்கில், டார்ச் என்ற கைப்பிடியின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே ஆர்க் (மின்பொறி) எரியும். அந்த இடத்தில் காற்றுப் படாமல் ஆர்கான் கேஸ் காக்கும். அங்கே ஓட்டிப் பார்த்தபோது ஆர்க் உடனே பிடித்தது, அதோடு விட்டுவிட்டேன். அணைந்த பிறகு டங்ஸ்டன் என்ன நிறம் என்று பார்த்திருந்தால் கோளாறு அங்கேயே தெரிந்திருக்கும்.

காசிமேட்டில் என் பட்டறைக்குக் கொண்டுவந்து 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக் குழாயைப் பற்றவைத்தால், வெல்டிங் சாம்பல் நிறத்தில் ஊசித் துளைகளோடு வந்தது. டங்ஸ்டன் முனை நீலமாகிக் கறுத்தது.

முதலில் கடற்காற்றைச் சந்தேகப்பட்டு ஷட்டரை இறக்கினேன். மாறவில்லை. ஆர்கானை நிமிடத்துக்கு 8 லிட்டரிலிருந்து 12-க்கு ஏற்றினேன். சிலிண்டரையே மாற்றினேன். ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் 10 விநாடி வரும்படி வைத்தேன். மூன்று நாள் வீண். ஹோஸ் முழுக்க, டார்ச்சிலும்கூட, சோப்புத் தண்ணீர் தடவியும் ஒரு குமிழ் இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேஸ் வெளிவரும் வாயான நாசில் திறந்திருக்கும்போது டார்ச்சுக்குள் அழுத்தம் மிகக் குறைவு. ஓட்டை இருந்தாலும் குமிழ் வராது. அதனால் கேஸை மட்டும் விடும் கேஸ் செக் சுவிட்சைப் போட்டு, நாசிலை ரப்பர் துண்டால் அடைத்தேன். ஆர்க்கைக் கிளப்பும் ட்ரிக்கரைத் தொடவே கூடாது, ஷாக் அடிக்கும். அடைத்ததும் டார்ச்சின் பின்மூடியைச் சுற்றிக் குமிழ் கொப்பளித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து தட்டையாகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த வழியாகத்தான் காற்று கேஸோடு கலந்திருக்கிறது.

புது ஓ-ரிங்கோடு மூடி மாட்டி, கேஸை மறுபடி 8 லிட்டருக்கு இறக்கினேன். டங்ஸ்டன் வெள்ளியாக மின்னியது. வெல்டிங் வெளிர் பொன்னிறம். அப்பாடா!