இளைத்த பிறகு நடக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நம் தமிழ்ப் பெண்களிடம் உடற்பயிற்சிப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில், “கொஞ்சம் இளைச்சுக்கிறேன், அப்புறம் வர்றேன்.” கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். எடை மெதுவாகத்தான் இறங்கும். அதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு. இதயமும் நுரையீரலும் கால் தசைகளும் தேறுவதோ சில வாரங்களிலேயே தெரியும், எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும். டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் மேட்டுத் தெருக்களுக்குப் பஞ்சமில்லை. கடைக்குப் போகும் மேட்டில் இன்று எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள், அடுத்த மாதம் எத்தனை இடத்தில் என்று பாருங்கள். உடம்பின் தெம்பை அது சொல்லும்.

அதற்காக எடையைப் பார்க்காமலே இருப்பதும் சரியல்ல. 2016-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்கப் பெண்களில் 68 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ எண்ணுக்கு வழக்கமான எல்லை 25. ஆசிய வம்சாவளியினர் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும். 160 செ.மீ உயரப் பெண்ணுக்கு அது சுமார் 59 கிலோ. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் போட்டிருந்தாலும் சர்க்கரை நோய் வரலாம். ஆகவே டேப்பால் வயிற்றுச் சுற்றையும் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ எல்லை. மாதவிடாயை ஒட்டி நீர் தேங்கி எடை கூடும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

என்னை அதிகம் உறுத்துவது பெண்பிள்ளைகளுக்கு நாம் செய்வது. வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பில் கொழுப்பு சேர்வது இயற்கை. உடனே அத்தை, பாட்டி எல்லாரும் “குண்டாயிட்டியேம்மா” என்பார்கள். பிள்ளை ராச்சாப்பாட்டை விடும். இன்னொரு பக்கம், பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளியில் ஆடும் நெட்பால் என்ற பந்து விளையாட்டை நிறுத்துவோம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்களைத் தடுப்பது புதிதல்ல. நம் பக்கத்து நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானில், பெண் என்று பெயர் பதிய மறுத்தும் 1923-இலேயே பிரான்சிஸ் ஹேவர்ட் ஓடி முடித்தார். பெண்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது 1975-இல்தான். விளையாடும் பெண்ணுக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் பலவீனமாகலாம். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மூச்சு வாங்கினால் எடையை மட்டும் குறை சொல்லாதீர்கள். இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். புரட்டாசியில் இறைச்சியை விட்டு ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஓட்டாமல் சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை சேருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

முதல் நாளே ஓடவும் வேண்டாம். கடற்கரை நடைபாதையில் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 150 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், தொடை வலுப்படும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.