மதியச் சோறு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது? வீட்டிலேயே பார்க்கும் முறை

சோற்றின் மாவுச்சத்தை எச்சிலில் உள்ள அமைலேஸ் வாயிலேயே உடைக்கத் தொடங்கிவிடும். இரைப்பை அமிலத்தில் அந்த வேலை நின்றுபோகும். பெரும்பகுதி சிறுகுடலில்தான், கணைய நீராலும் குடல் சுவரின் நொதிகளாலும் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை நோயாளிக்கும் இதெல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. வந்த குளுக்கோஸைச் செல்களுக்குள் சேர்க்கும் இன்சுலின்தான் போதவில்லை, அல்லது சரியாக வேலை செய்யவில்லை.

1. சோற்றை நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், கை போடும் குவியல் தினமும் மாறும். சமையலறை டிஜிட்டல் தராசுதான் சரி. 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம்.

2. சாப்பிடும் முன் ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கை, வெல்லம் தொட்ட கை என்றால் எண் பொய்யாக ஏறும். ஈரக்கையில் இரத்தம் நீர்த்து எண் குறையும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் வீண்.

3. முதல் கவளம் எடுக்கும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இரண்டு மணி நேரம் எண்ணுகிறார்கள். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சோறு சாப்பிட்டு எழவே அரை மணி ஆகிவிடும். அங்கிருந்து எண்ணினால், பார்ப்பதற்குள் ஏற்றம் இறங்கத் தொடங்கியிருக்கும், எண் நல்லதாகத் தெரியும். கணக்கு முதல் கவளத்திலிருந்துதான்: அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

4. மறுநாள் அதே 150 கிராம், அதே குழம்பு. வரிசையை மட்டும் மாற்றுங்கள்: கொத்தவரங்காய்ப் பொரியல், கீரை, மீன் முதலில், சோறு கடைசியில். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். முதல் நாள் சாப்பிடும் முன் 118 என்பது பின்னால் 196 ஆனால் (மி.கி./டெ.லி.) ஏற்றம் 78. இரண்டாம் நாள் ஏற்றத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பொதுவான இலக்கு: சாப்பிடும் முன் 80–130, பின்னால் 180-க்குக் கீழே. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மருத்துவர் வேறு எண் சொல்வார்.

சோற்றை வடித்தால் சர்க்கரை போய்விடும் என்று நம்ப வேண்டாம். கஞ்சியோடு போவது கொஞ்சம்தான். இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா தொட்டுக்கொள்பவர்கள், அதிலுள்ள உருளைக்கிழங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: சோற்றைக் குறைத்ததும் சிலருக்குக் கை நடுக்கம், வியர்வை வந்திருக்கிறது; சர்க்கரை மிகவும் இறங்கினால் இப்படி வரும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிப்பிரைட் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது. அதை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பாக்கெட்டையே கையில் வைத்திருக்க வேண்டும்.